குழாய் கட்டினா ஈஸ்வரிதான்

"எல்.ஆர். ஈஸ்வரியா? அம்மன் பாட்டு பாடுவாங்களே, அவங்கதான?"

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை. கேட்டது காலேஜ் படிக்கிற பையன். எதிர்ல பேப்பர் பார்த்துக்கிட்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே திருத்தினாரு. "அம்மன் பாட்டெல்லாம் பொறவு வந்தது தம்பி. எங்க காலத்துல கிளப் டான்ஸ் பாட்டுன்னா அந்தம்மாதான்." சொல்லிட்டு ஒரு மாதிரியா சிரிப்பு வேற.

ரெண்டு பேர் சொன்னதுலயும் பொய் கிடையாது. ஆனாலும் ரெண்டு பேர் மேலயும் சுள்ளுனு கோபம் வருது. ஒருத்தருக்கு அவங்க சாமிப் பாட்டுக்காரி. இன்னொருத்தருக்கு சாராயக் கடைப் பாட்டுக்காரி. நடுவுல ஒரு பாடகி இருக்காங்களே, அவங்க எங்கய்யா போனாங்க?

அந்தக் கோபத்துல எழுதுறதுதான் இது. நீளமா போகும். டீ போட்டு வச்சுக்கோங்க.

முதல்ல நம்ம ஊர்க் கதை. இந்தப் பக்கம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு ஊரும் பொம்பளைக் குரலைக் கேட்டுத்தான் கண் முழிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மார்கழி வந்தா ஆண்டாளோட திருப்பாவை, எம்.எல். வசந்தகுமாரி குரல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைச்ச பாசுரங்கள் அது. விடியக்காலைக் குளிருக்கும் அந்தக் குரலுக்கும் அப்படி ஒரு பொருத்தம். சரி, மார்கழி முடிஞ்சுது. பங்குனி வரும். பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்குக் கொடியேத்திருவாங்க. அப்ப பொறுப்பு கைமாறும். வசந்தகுமாரி இறங்கிப்பாங்க, ஈஸ்வரி ஏறிப்பாங்க.

ரேடியோ செட்காரங்க வச்சிருக்கிற வரிசை எழுதாத சட்டம் மாதிரி. முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் பாடின பிள்ளையார் பாட்டு. அது முடிஞ்ச கையோட ஈஸ்வரி. 'செல்லாத்தா', அப்புறம் 'கற்பூர நாயகியே'. முருகன் வேணும்னா டி.எம். சௌந்தரராஜன், அதான் டி.எம்.எஸ்., வருவாரு. அவரும் ஈஸ்வரியம்மாவுக்குப் பின்னாலதான். ஆடி மாசம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போற கூட்டத்தோட ஒருநாள் போய்ப் பாருங்க. வழி நெடுக, ஊருக்கு ஊர் பந்தல், தண்ணி, மோர், ஈஸ்வரி.

ஏன் இவங்க குரல் மட்டும் இப்படி? பக்தி ஒரு காரணம்தான். குழாய் இன்னொரு காரணம். (இப்ப கட்டுப்பாடு வந்து பாக்ஸ் ஸ்பீக்கர் ஆயிருச்சு. பழைய கூம்புக் குழாயைச் சொல்றேன்.) வேப்பமரத்துல ஒண்ணு, தண்ணித் தொட்டி மேல ஒண்ணுன்னு கட்டுவாங்களே, அந்தக் குழாய்ல கனமான ஓசை எடுபடாது. டோலக் அடி பாதிதான் கேட்கும். பேஸ் கிட்டார் சுத்தமா காணாமப் போயிரும். ரொம்ப நுணுக்கமான கமகம் போட்டாலும் ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள கலங்கிரும். நடு ஸ்தாயிக்கு மேல, நேரா, பளிச்சுனு, எழுத்து எழுத்தா உச்சரிச்சு விழுற குரல்தான் கண்மாய்க் கரை தாண்டி அடுத்த ஊருக்குப் போகும். ஈஸ்வரியோட குரல் அப்படிப்பட்டது. தள்ளிக் கேட்டாலும் ஒரு சொல் சிந்தாது.

இன்னொண்ணு தெரியுமா? அவங்க குடும்பம் பரமக்குடிப் பக்கம். 1985-ல ஜில்லாவைப் பிரிக்கிற வரைக்கும் பரமக்குடி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாமே ஒரே ராமநாதபுரம் ஜில்லாதான். அந்தக் கணக்குல பார்த்தா நம்ம ஜில்லாக்காரங்க. (கணக்கு கொஞ்சம் இழுவைதான். நம்மூர்ப் பெருமைன்னா இழுக்காம எப்படி?)

முழுப் பேரு லூர்து மேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி. ஆமா, லூர்து மேரி. ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். தமிழ்நாட்டு மாரியம்மன் கோயில் பாதிக்கு மேல எழுப்பிவிடுற குரலுக்குச் சொந்தக்காரங்க பேருல லூர்து மாதா இருக்காங்க. இதைச் சொன்னா வெளியூர்க்காரங்க ஆச்சரியப்படுவாங்க. நம்ம ஊர்ல யாரும் ஒண்ணும் நினைக்கிறதில்ல. ஆத்தா பாட்டு நல்லா இருக்கா, அவ்வளவுதான்.

1939 டிசம்பர்ல பொறந்தவங்க. அப்பா தேவராஜ் சின்ன வயசுலயே போயிட்டாரு. அம்மா நிர்மலா சினிமாவுல கோரஸ் பாடித்தான் பிள்ளைகளை வளர்த்தாங்க. கோரஸ்னா என்னன்னு இப்ப உள்ளவங்களுக்குச் சொல்லணும். ஏழெட்டுப் பொம்பளைங்க ஒரே மைக்கைச் சுத்தி நிப்பாங்க. பாட்டுல பேரு வராது. இசைத்தட்டுல பேரு வராது. படத்துல நாயகிக்குப் பின்னால தோழிங்க வாயசைக்கிறப்ப வர்ற சத்தம் இவங்களோடது. அம்மாவுக்குத் துணையா ஸ்டுடியோவுக்குப் போன பொண்ணு, அம்மாவோட சேர்ந்து தானும் பாட ஆரம்பிச்சுது. 1954-ல வந்த 'மனோகரா'வுல எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில ஒரு கோரஸ். தொடக்கம் அதுதான்.

முறையா கர்நாடக சங்கீதம் படிச்சவங்க கிடையாது. அந்தக் காலத்துல அது சாதாரணக் குறை இல்ல. பாட வந்தவங்கள்ல எத்தனையோ பேரு சாஸ்திரீயப் பின்னணியோட வந்தவங்க. இவங்களுக்குப் பள்ளிக்கூடம் ரெக்கார்டிங் தியேட்டர்தான். அடுத்தவங்க பாடுறதைக் கேட்டு, சொல்லிக் கொடுத்ததை அங்கேயே பிடிச்சு, உடனே திருப்பிப் பாடணும். அப்பெல்லாம் வாத்தியக்காரங்க, பாடகருங்க எல்லாரும் ஒண்ணா இருந்து ஒரே மூச்சுல பதிவு பண்ணணும். வயலின்காரர் ஒருத்தர் வில்லு வழுக்கினாலும் முதல்ல இருந்து எல்லாரும் வாசிக்கணும். கோரஸ்ல ஒரு பொண்ணு சுருதி தப்பினா மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். அந்த பயத்துல பழகின தொண்டை அது.

1958-ல 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்துல கே.வி. மகாதேவன் தனியா பாட வச்சாரு. பேரு விஷயத்துல ஒரு சிக்கல். வீட்ல ராஜேஸ்வரி. ஆனா சினிமாவுல ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி இருக்காங்க. (குழந்தைக் குரல் பாட்டுக்கெல்லாம் அவங்கதான்.) அதனால எல்.ஆர். ஈஸ்வரி ஆயாச்சு.

அதுக்கப்புறம் மூணு வருஷம். 1961-ல 'பாசமலர்' வந்துச்சு. பீம்சிங் படம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. 'வாராயென் தோழி' எந்தக் கல்யாண வீட்ல கேட்கல? பொண்ணை மணவறைக்குக் கூட்டிட்டு வர்றப்ப அதைப் போடலைன்னா, ரேடியோ செட்காரருக்கு வாடகை பாக்கி இருக்குன்னு அர்த்தம். அந்தப் பாட்டை மறுபடி கவனிச்சுக் கேளுங்க. ஈஸ்வரி முன்னால பாடுவாங்க, பின்னால பொம்பளைங்க கூட்டமா வாங்கிப் பாடுவாங்க. ஏழு வருஷம் முன்னாடி கோரஸ்ல நின்ன பொண்ணுக்குப் பின்னால இப்ப ஒரு கோரஸ் நிக்குது!

அந்தப் பாட்டுல ஆட்டம் கிடையாது, கொஞ்சல் கிடையாது. தோழியைக் கேலி பண்ற குரல். பாசம் இருக்கு, குறும்பு இருக்கு, கூட ஒரு அவசரமும் இருக்கு. அத்தனை மங்களகரமான பாட்டைப் பாடினவங்களைத்தான் நம்ம பெரியவர் கிளப் டான்ஸ்ல கொண்டு போய் வச்சிட்டாரு.

எப்படி நடந்துச்சு இது?

அந்தக் காலத்துச் சினிமாவுக்குன்னு ஒரு பங்கீடு இருந்துச்சு. நாயகி பாடினா பி. சுசீலா. நாயகியோட தோழி, வில்லனோட ஆளு, ஓட்டல்ல ஆடுறவ, மீன் விக்கிறவ, பழம் விக்கிறவ பாடினா ஈஸ்வரி. ரெண்டு பேரும் சேர்ந்து பாடின பாட்டு எத்தனை எத்தனை! 'பாத காணிக்கை' (1962), 'பெரிய இடத்துப் பெண்' (1963), 'பச்சை விளக்கு' (1964)ன்னு வரிசையா வரும். அதைக் கேட்டாலே பங்கீடு புரியும். சுசீலா குரல் வீட்டுக்குள்ள இருந்து வரும், ஈஸ்வரி குரல் தெருவுல இருந்து வரும். எது உசத்தின்னு கேட்டா இதை எழுதுறவன் பதில் சொல்ல மாட்டான். ஆனா தெருவுல இருந்து வர்ற குரல்தான் வயலுக்கும் மில்லுக்கும் போற பொம்பளைங்க குரலுக்குப் பக்கத்துல இருக்கு. ராஜபாளையத்துல மில்லு ஷிப்ட் விட்டு வர்ற அக்காமார் பேசிக்கிட்டு வர்றதைக் கேட்டவங்களுக்கு இது விளங்கும். அந்த மிஷின் சத்தத்துல பேசிப் பழகினவங்க யாரும் மெதுவா பேச மாட்டாங்க.

1968-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷப் படங்களுக்குத்தான் தேசிய விருதுல சிறந்த பின்னணிப் பாடகின்னு ஒண்ணு முதல்முதலா கொடுத்தாங்க. 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக சுசீலாவுக்கு. கொடுக்க வேண்டிய விருதுதான், மறுபேச்சே இல்ல. அதே வருஷம் வந்த படம்தான் 'பணமா பாசமா'. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் படம், கே.வி. மகாதேவன் இசை, விஜயநிர்மலா கூடையை வச்சுக்கிட்டு ஆடுவாங்க. எலந்தப் பழம்! தமிழ்நாட்டுல நண்டு சிண்டெல்லாம் பாடித் திரிஞ்ச பாட்டு. ஈஸ்வரிக்குத் தேசிய விருது வரவே இல்ல.

எலந்தப் பழம் நமக்கொண்ணும் புதுசு கிடையாது. கரிசல் காட்டு ஓரத்துல முள்ளும் பழமுமா கிடக்கும். பள்ளிக்கூட வாசல்ல கூறு கட்டி விப்பாங்க, எலந்த வடையும் இருக்கும். விக்கிற அம்மாக்கள் கூவுறதுல ஒரு இழுப்பு உண்டு. கடைசி எழுத்தைத் தூக்கி, லேசா மூக்குல கொண்டு போய் வெட்டுவாங்க. ஈஸ்வரி அந்த வெட்டை அப்படியே பிடிச்சிருக்காங்க. பாட்டா ஆக்குறேன்னு அதைச் சீவி வழவழப்பாக்கல. அதனாலதான் அது சினிமாப் பாட்டு மாதிரியே இல்லாம சந்தைச் சத்தம் மாதிரி இருக்கு.

'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்துல நாகேஷும் மனோரமாவும் தூத்துக்குடி பாஷையில ஆடுற முத்துக்குளிக்கிற பாட்டும் அப்படித்தான். டி.எம்.எஸ்ஸும் ஈஸ்வரியும். தெக்கத்திப் பேச்சை மெட்ராஸ்ல உட்கார்ந்து பாடினா பெரும்பாலும் கேலியா போயிரும். இதுல போகல. நம்ம ஊரு ஆளு ஒருத்தரும் அதைக் கேட்டு மூஞ்சியைச் சுளிச்சதா கேள்விப்படல.

சரி, கிளப் டான்ஸுக்கு வருவோம். ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?

இங்க ஒரு அநியாயம் இருக்கு. அதைச் சொல்ல இங்கிலாந்து வரைக்கும் போயிட்டு வரணும். அதே 1939-ல லண்டன்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு. மேரி இசபெல் கேதரின் பெர்னடெட் ஓ'பிரையன். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், கன்னியாஸ்திரி மடத்துப் படிப்பு. அவங்களும் மேரி! 1958-ல, நம்ம ஈஸ்வரி தனியா பாடின அதே வருஷம், லானா சிஸ்டர்ஸ்னு ஒரு பெண்கள் குழுவுல சேர்ந்தாங்க. அப்புறம் அண்ணனோட சேர்ந்து ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்னு ஒரு குழு. 1963-ல தனியா வந்தாங்க. பேரு டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட். 60-கள்ல இங்கிலாந்தோட பெரிய பாப் பாடகி. 1966-ல அவங்க பாட்டு ஒண்ணு அந்த நாட்டு வரிசையில முதல் இடத்துக்கே போச்சு. அந்தப் பாட்டுக்கு எதிரொலி சரியா வரலைன்னு ஸ்டுடியோவை விட்டு வெளிய வந்து மாடிப்படிக்கட்டுல மைக்கை வச்சுப் பாடினாங்களாம். (நம்ம ரெக்கார்டிங் தியேட்டர்ல யாராவது, "ஐயா, நான் மாடிப்படியில நின்னு பாடுறேன்"னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.)

டஸ்டி பாடினா டஸ்டி முகம்தான் டிவியில தெரியும். கண்ணைச் சுத்திக் கருப்பு மை, உசத்திக் கட்டின கொண்டை. அவங்க பாட்டு நல்லா இருந்தா பேரு அவங்களுக்கு, நல்லா இல்லைன்னா கெட்ட பேரும் அவங்களுக்கே. அதோட தனக்குன்னு ஒரு நிலை எடுக்கவும் முடிஞ்சுது. 1964-ல தென்னாப்பிரிக்காவுக்குப் போனப்ப, வெள்ளைக்காரங்களையும் கருப்பு மக்களையும் பிரிச்சு உட்கார வச்ச கூட்டத்துக்குப் பாட மாட்டேன்னாங்க. அந்த அரசாங்கம் நாட்டை விட்டே அனுப்பிருச்சு.

இங்க கதை வேற. ஈஸ்வரி பாடினா திரையில ஆடுறது விஜயலலிதாவும் ஜோதிலட்சுமியும். பாடினவங்க மைக் முன்னால கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தின சேலையோட, நெத்தி நிறைய பொட்டோட நிக்கிறாங்க. படத்துல அந்த டான்ஸ் எதுக்கு வருதுன்னு முடிவு பண்ணினது கதாசிரியர். உடுப்பைத் தீர்மானிச்சது வேற ஆளு. காமிரா எங்க நிக்கணும்னு சொன்னது டைரக்டர். பழி மட்டும் குரல் மேல. தியேட்டர்ல விசிலடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, "இந்தம்மா பாட்டா, ரேடியோவை நிறுத்து"ன்னு சொன்ன அப்பாமார் எத்தனை பேரு! (அப்படியும் இலங்கை வானொலி விட்டுருமா? எந்த வீட்ல நிறுத்தினாலும் பக்கத்து வீட்ல ஓடும்.)

பம்பாய்ல ஆஷா போஸ்லேவுக்கும் இதே முத்திரைதான் குத்தினாங்க. அக்கா லதா நாயகிக்கு, தங்கச்சி ஆட்டக்காரிக்கு. ஆனா ஆஷாவுக்கு 1981-ல 'உம்ராவ் ஜான்' கிடைச்சுது. கஜல் பாடி, தேசிய விருதும் வாங்கி, முத்திரையை அழிச்சுட்டாங்க. ஈஸ்வரிக்கு அப்படி ஒரு படம் முழுசா கிடைக்கல. கிடைச்சது ஒத்தைப் பாட்டு. 1972, கே. பாலசந்தரோட 'வெள்ளி விழா', வி. குமார் இசை, வாலி பாட்டு. 'காதோடுதான்'.

ஈஸ்வரின்னா சத்தம்னு நினைக்கிறவங்க இதை ராத்திரி விளக்கணைச்சுட்டுக் கேட்கணும். மூச்சு எங்க விடுறாங்கன்னே தெரியாது. ஒவ்வொரு அடியும் முடியுற இடத்துல குரல் தானா கரைஞ்சு போகும். பேருக்கேத்த மாதிரி, பக்கத்துல இருக்கிற ஒத்தை ஆளுக்கு மட்டும் கேட்டாப் போதும்ங்கிற அளவுதான். ஊரையே எழுப்புற தொண்டையை இந்த அளவுக்கு அடக்கிப் பாடுறதுக்கு உரக்கப் பாடுறதை விட அதிக பலம் வேணும். வி. குமார் ஏன் இவங்களைக் கூப்பிட்டாருன்னு கேட்காம, மத்தவங்க ஏன் கூப்பிடலன்னுதான் கேட்கணும்.

அந்தப் பக்கம் 'சிவந்த மண்' (1969). ஸ்ரீதர் படம். 'பட்டத்து ராணி'. நம்பியார் உட்கார்ந்து ரசிப்பாரு, மாறுவேஷத்துல சிவாஜி சாட்டையைச் சொடுக்குவாரு, காஞ்சனா ஆடுவாங்க. எம்.எஸ். விஸ்வநாதன், அதான் எம்.எஸ்.வி., போட்ட அரபுச் சாயல் மெட்டு. சாட்டை விழுறப்பல்லாம் குரல்ல ஒரு வெட்டு, ஒரு துடிப்பு. அழுகை இல்ல அது, சிரிப்பும் இல்ல. அடி வாங்குறவ திமிரை விடாம நிக்கிற மாதிரி ஒரு தொனி. தாளத்துல அந்தச் சொடுக்கு விழுற இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால குரல் நடுங்கும். அந்த மயிரிழைதான் விஷயம். முன்னால நடுங்கினா நடிப்புன்னு தெரிஞ்சுரும். ரொம்பப் பிந்தினா தாளம் போயிரும். படத்தைப் பார்க்காம கண்ணை மூடிக் கேட்டாக்கூட சாட்டை எங்க விழுதுன்னு உடம்புக்குத் தெரியும்.

இதையா கிளப் டான்ஸ் பாட்டுன்னு ஒரு சிரிப்புல தள்ளுறது?

வார்த்தையே இல்லாத இடத்துலயும் அவங்க வேலை இருக்கும். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்துல 'அவளுக்கென்ன' பாட்டுக்கு ரெக்கார்டிங் தியேட்டரையே காட்டுவாங்க. எம்.எஸ்.வி. நின்னு கையை ஆட்டி நடத்துவாரு. டி.எம்.எஸ். பாடுவாரு. ஊடால ஈஸ்வரியோட ஹம்மிங் ஒண்ணு வரும். எடுத்துட்டுப் பாருங்க, பாட்டுல பாதி உசுரு போயிரும். ஹம்மிங்குக்குச் சம்பளம் தனியா கொடுத்தாங்களா என்னமோ, கொடுத்திருக்கணும்.

புதுசா வந்தவங்களுக்கும் முதல் மைக்ல துணை நின்னது அவங்கதான். எஸ்.பி. பாலசுப்ரமணியம் தமிழ்ல முதல்முதலா பதிவு பண்ணின பாட்டு 'ஹோட்டல் ரம்பா'ன்னு ஒரு படத்துக்காக. எம்.எஸ்.வி. இசை. கூடப் பாடினது ஈஸ்வரி. படம் வரவே இல்ல. ஆனா எஸ்.பி.பி. வந்துட்டாரு.

தமிழோட நிக்கல. கன்னடம், தெலுங்கு, மலையாளம்னு எல்லாப் பக்கமும் பாடினாங்க. தெலுங்குல 'தேவுடு சேசின மனுஷுலு' (1973) படத்துல ரமேஷ் நாயுடு இசையில அவங்க பாடின 'மசக மசக' பாட்டு இன்னைக்கும் அங்க ஓடுது. நம்ம ராஜபாளையத்து ராஜூக்கள் வீட்ல பேசுறது தெலுங்குதான். அதனால இந்த ஊர்ல சில வீட்டுக்காரங்களுக்கு ஈஸ்வரியை ரெண்டு பாஷையில ரசிக்கிற கொடுப்பினை. மத்தவங்க ஒண்ணோட திருப்திப்படணும்.

70-கள் கடைசியில வாய்ப்பு குறைஞ்சு போச்சு. 1976-ல 'அன்னக்கிளி'யோட இளையராஜா வந்தாரு. இசையோட போக்கே மாறுச்சு. நாட்டுப்புறப் பாட்டானாலும் சரி, கிறக்கமான பாட்டானாலும் சரி, தாலாட்டானாலும் சரி, எஸ். ஜானகி ஒருத்தரே எல்லாக் குரல்லயும் பாடினாங்க. நாயகிக்கு ஒருத்தர், ஆட்டக்காரிக்கு ஒருத்தர்ங்கிற பங்கீடே உடைஞ்சுது. அது நல்லதுதான். ஆனா அந்தப் பங்கீட்டுல ஒரு பக்கத்தை மட்டும் வருஷக்கணக்கா சுமந்தவங்களுக்கு அதுல ஒண்ணும் மிஞ்சல.

சினிமா கைவிட்டாலும் அம்மன் கைவிடல. ரெக்கார்டா வந்திருந்த அம்மன் பாட்டுங்க, கேசட் காலத்துல பெட்டிக்கடை வரைக்கும் பரவுச்சு. இங்கதான் அந்தக் காலேஜ் பையனுக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மன் பாட்டுங்களைக் கொஞ்சம் உன்னிப்பா கேளு தம்பி. அதுல கும்பிட்டுக் குனிஞ்சு போற குரல் இல்ல. ஆத்தாளை உரிமையா கூப்பிடுற குரல். சண்டை போட்டாலும் போடும். சந்தையில கூவின அதே தொண்டை, சாட்டைக்கு முன்னால திமிரா நின்ன அதே தொண்டை. பம்பையும் உடுக்கையும் சேர்ந்து தாளம் ஏறுறப்ப அவங்க பதறவே மாட்டாங்க, ஆட்டப் பாட்டு பாடிப் பாடித் தாளத்தைக் கையில பிடிச்சு வச்சிருந்தவங்க. சாமி வந்து ஆடுறதும் ஆட்டம்தானே! ஆட்டத்துக்குப் பாடத் தெரியாதவங்க பாடியிருந்தா பூக்குழி முன்னால ஒருத்தருக்கும் சாமி வந்திருக்காது.

ரொம்ப நாள் கழிச்சு, 2011-ல, தரணி எடுத்த 'ஒஸ்தி' படத்துக்கு தமன் கூப்பிட்டாரு. 'கலாசலா'. டி. ராஜேந்தரோட சேர்ந்து. திரையில சிம்புவும் மல்லிகா ஷெராவத்தும். அப்ப ஈஸ்வரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டின வயசு. கல்யாண மண்டபம், காலேஜ் விழா, கோயில் கச்சேரின்னு ஒரு இடம் விடல அந்தப் பாட்டு. பாட்டி வயசுல இருக்கிறவங்க பாடியிருக்காங்கன்னு தெரியாமலே ஆடினவங்கதான் நிறைய.

டஸ்டிக்கும் இப்படி ஒரு திரும்பி வர்ற கதை உண்டு. 1969-ல 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்'னு ஒரு ஆல்பம். இப்ப அதை ஆகா ஓகோன்னு கொண்டாடுறாங்க, வந்த காலத்துல சரியா விக்கவே இல்ல. அப்புறம் அவங்களும் ஒதுங்கிட்டாங்க. 1987-ல பெட் ஷாப் பாய்ஸ்னு ரெண்டு இளவட்டப் பசங்க தேடிப் போய்ப் பாட வச்சாங்க. அந்தப் பாட்டு இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டு பக்கமும் ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. ஆனா காலம் அவங்களுக்கு ரொம்ப விடல. 1999 மார்ச்ல, 59 வயசுல புற்றுநோய் கொண்டு போயிருச்சு. செத்து ரெண்டு வாரத்துக்குள்ள அமெரிக்காவுல ராக் இசைக்காரங்களுக்கான பெரிய கௌரவப் பட்டியல்ல பேரைச் சேர்த்தாங்க. நல்ல காரியத்துக்கு அங்கேயும் நேரம் பார்க்கத் தெரியாது போல.

நம்ம ஆளு 80 வயசுலயும் மைக் முன்னால நின்னாங்க. 2020-ல 'மூக்குத்தி அம்மன்'. கிரிஷ் கோபாலகிருஷ்ணன் இசையில 'ஆடிக் குத்து'. கொரோனாவால கோயில் திருவிழாவெல்லாம் முடங்கிக் கிடந்த வருஷம். தீபாவளிக்கு வீட்டு டிவியிலயும் போன்லயும்தான் படம் வந்துச்சு. அம்மன் பாட்டுதான், ஆனா குத்தாட்டம். அந்தப் பையன் சொன்ன ஈஸ்வரியும் பெரியவர் சொன்ன ஈஸ்வரியும் ஒரே பாட்டுல.

சரி, எங்க இருந்து கேட்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்பீங்க. இதை எழுதுறவன் சொல்ற வரிசை இது. முதல்ல 'காதோடுதான்'. சத்தம்னு சொன்னவங்க வாய் அடைபடும். அப்புறம் 'பட்டத்து ராணி', நல்ல ஸ்பீக்கர்ல. கூட சுசீலா பாடின 'பச்சை விளக்கு' பாட்டு ஒண்ணு. பிறகு 'வாராயென் தோழி'யை, கல்யாண வீட்டு இரைச்சல் இல்லாம, ஒரு தடவையாவது முழுசா. அம்மன் பாட்டை நீங்க போட வேண்டாம், பங்குனியில அதுவே தேடி வரும். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா எலந்தப் பழத்தைக் கடைசியா வச்சுக்கோங்க. ஒருக்கப் போட்டீங்கன்னா அன்னைக்கு வேற பாட்டு கேட்க விடாதுங்க.